இருபதும் அதற்கு மேலும்

பதினொரு பாலம். மூன்றுக்குத்தான் காசு.
நிலம் நடுங்கினால் எது முதலில் விழும்,
எதை முதலில் கட்டிப் பிடிக்க வேண்டும் என்று
கொழும்பிலிருந்து வந்த படிவத்தில்
நான் புள்ளி போட வேண்டும்.

"இஞ்ச எப்ப மிஸ் பூமி நடுங்கினது?"
தோணியைத் தாங்கியபடி கேட்டார் வேலாப்போடி.
பதில் சொல்லவில்லை.
எங்கேயோ நடுங்கியதற்கு
ஒரு டிசம்பர் காலையில்
இங்கே நாம் கட்டிய வட்டியை
அவரும் மறந்திருக்க மாட்டார்.
கேட்ட வாயை அவரே மூடிக்கொண்டார்.

பாலத்தின் அடிவயிற்றில் வெயில் இல்லை.
வௌவால் வாடை, சிப்பி அப்பிய தூண்கள்,
கண்ணாப் பற்றையில் சிக்கிய ஒற்றைச் செருப்பு.
தலைக்கு மேலே லொறி ஒன்று போக
கண்ணில் கறள் உதிர்ந்தது.
அஜ்வத் நாடாவை நீட்டிப் பிடித்தான்:
தூணின் தலையில் உத்தரம் குந்தியிருக்கும் அகலம்
இருபத்திரண்டு சென்ரிமீற்றர்.
நான் கையை விரித்து வைத்துப் பார்த்தேன்.
ஒரு சாண்.
எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்றால்
நூற்றெண்பது மீற்றர் பாலத்துக்கு
இந்த ஒரு சாண்.
நிலம் ஒருமுறை தோளைக் குலுக்கினால் போதும்,
உத்தரம் வழுக்கி வாவிக்குள் இறங்கிவிடும்,
முறியாமல், முழுசாக.

அடியில் மணல். நீர் ஊறிய நொய்ந்த மணல்.
குலுங்கினால் கூழாகும் என்கிறது
துளையிட்டுப் பார்த்தவர்களின் அறிக்கை.

மூன்றாம் தூணில் விரல் நுழையும் வெடிப்பு.
காரணம்? படிவம் கேட்டது:
சுமை, கறள், வெள்ளம், மற்றவை.
அஜ்வத் என்னைப் பார்த்தான்.
தொண்ணூறாம் ஆண்டு
அவன் வீட்டில் ஒரு மாதிரியும்
என் வீட்டில் இன்னொரு மாதிரியும்
சொல்லப்படும் ஆண்டு.
"மற்றவை" என்பதில் சரி போட்டான்.
தோணி அடுத்த தூணுக்குக் கிறுகியது.

கந்தோரில் விசிறிக்குக் கீழே இருந்து கூட்டினேன்.
முதலாவது, ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலம்.
இரண்டாவதின் விலாவில் குடிநீர்க் குழாய்.
அவற்றில் யாருக்கும் சந்தேகமில்லை.

இதற்கு வாகன எண்ணிக்கை
நாளொன்றுக்கு இருநூற்றுப் பதினான்கு.
எண்ணிய பொடியன் சைக்கிளை எண்ணவில்லை.
எருமையை எண்ணவில்லை.
தயிர்ச்சட்டி அடுக்கிய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால்
தொற்றிக்கொண்டு வந்தவர்களையும்.
சுற்றுப்பாதை:
"இருபது கிலோமீற்றரும் அதற்கு மேலும்", ஐந்து புள்ளி.
இது விழுந்தால்
படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு
நாற்பத்தாறு.
இருபத்தொன்றுக்கும் ஐந்து, நாற்பத்தாறுக்கும் ஐந்து.
ஓட்டோவுக்குள் வலியெடுத்துக் கிடப்பவளின்
மிச்ச இருபத்தைந்து கிலோமீற்றர்
எந்தக் கட்டத்துக்குள்ளும் இல்லை.

கூட்டிப் பார்த்தால் நான்காவது.
அரைப் புள்ளி கூடுதலாய் மூன்றாவது,
நான் வீட்டுக்குப் போகும் பாலம்.

ஒரு எண்ணையும் அழிக்கவில்லை.
ஐந்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையால்
நாற்பத்தாறு என்று எழுதினேன்.
அறுவடை மாதத்தில் திரும்ப எண்ணுவித்தேன்.
மூன்று பக்கக் கடிதம், சிங்களத்தில் ஒரு பிரதி.
எட்டு மாதம் கழித்து ஒரே வரி வந்தது:
மூன்றும் நான்கும் இடம் மாற்றப்பட்டுள்ளன.

இப்போது அங்கே தூண்களுக்குச் சட்டை போடுகிறார்கள்.
ஒன்றின் கால் தடுக்கினால்
மற்றது கையை விடாதபடி
உத்தரங்களை வடத்தால் பிணைக்கிறார்கள்.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே,
அங்கே சாண் முழமாகிறது.

பின்னேரம் ஐந்தரைக்கு
என் பாலத்தில் ஏறுகிறேன்.
பின் சீற்றில் மகள், மடியில் ரியூசன் கொப்பி.
ஒவ்வொரு இணைப்பிலும் சில்லு டக் என்கிறது.
மொத்தம் ஒன்பது.
நான் எண்ணுவது அவளுக்குத் தெரியாது.
நேற்று
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் கேட்டாள்:
"ஏனம்மா இதில மட்டும் வேகமா ஓட்டுறீங்க?"